புல் எழுதிய தட்டு

தட்டு கழுவுதொட்டியின் விளிம்பில் பட்டு உடைந்த சத்தம் கேட்டதும் மரியரஞ்சனி திரும்பி வரவேற்பறையைத்தான் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது. யன்னலோரக் கதிரையில் ஹிசாகோ கம்பளியை முழங்கால்வரை இழுத்துப் போர்த்தியபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்மூடி இருந்தார். அசையவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ரஞ்சனி அதை மூடினாள். மூடியபிறகு தன் மூச்சுச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்பதுபோல இருந்தது.

மூன்று துண்டுகள். பெரிய துண்டில், தட்டில் தூரிகையால் எழுதியிருந்த புல்லின் அடிப்பகுதி இருந்தது. இன்னொன்றில் அதன் நுனி. மூன்றாவது, உள்ளங்கையளவு, ஒன்றும் எழுதப்படாத வெறும் சாம்பல் வெள்ளை. உடைந்த ஓரங்களில் உள்மண் தெரிந்தது. மேலே அவ்வளவு வழவழப்பாக இருந்ததற்கு உள்ளே இவ்வளவு கரடுமுரடான மண்ணா என்று அந்தப் பதற்றத்திலும் ஒரு கணம் நினைத்தாள். குப்பைக்குள் போட மனம் வரவில்லை. மேசையில் கிடந்த கடை விளம்பரத் தாளை எடுத்து, துண்டுகளை அதில் சுற்றி, தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் வைத்தாள். வாளிக்குப் பின்னால். ஏன் வாளிக்குப் பின்னால் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. பின்னேரம் அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. இந்த வீட்டுக்கான நாற்பது நிமிடம் முடிந்துவிட்டது. அடுத்தது ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு முதியவருக்கு இறுக்கக் காலுறை மாட்டிவிட வேண்டும். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் மேட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் அவள் அலுவலகத்துக்குப் போன் பண்ணவில்லை.

ரஞ்சனிக்கு ஐம்பத்து நான்கு வயது. வயதானவர்களை வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தில் பதினொரு வருடமாக அரைநாள் வேலை. மிச்சத்தை மற்றவர்கள் லீவு எடுக்கும் நாட்களில் ஓடி ஓடி நிரப்புவாள். அந்த மாதம் முழுநேர நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள், அவளும் ஒருத்தி. ரொம்சோஸில் இரண்டு அறை வீடு. கணவன் ஸ்ரனிஸ்லாஸ் ஒன்பது வருடத்துக்கு முன்பு தம்பியின் கடையில் மூன்று மாதம் உதவிக்கு நிற்கிறேன் என்று லண்டன் போனவன், அங்கேயே நின்றுவிட்டான். சண்டை எதுவும் இல்லை. முதலில் கிழமைக்கு ஒருக்கால் கதைத்தான், பிறகு மாதத்துக்கு ஒருக்கால், பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும். மகள் சோபிகா பேர்கனில் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் போய்க்கொண்டே தாயுடன் கதைப்பாள்.

ஹிசாகோவுக்கு எண்பத்து மூன்று. கப்பல் பொறியியலாளர் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. கணவர் செத்துப்போய்ப் பதினாலு வருடம். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைசெய்து, நோர்வே மொழியான நொஸ்க்கிலேயே பிள்ளை வளர்த்து, நொஸ்க்கிலேயே சண்டை பிடித்து வாழ்ந்தவர். மறதி தொடங்கியபோது கடைசியாக வந்த மொழிதான் முதலில் போனது. பொருட்களின் பெயர்கள் போயின, பிறகு சின்னச் சின்னச் சொற்கள். மார்கழியில் ஒருநாள் ரஞ்சனி காலை வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார். அதற்குப் பிறகு நொஸ்க் வரவேயில்லை. ரஞ்சனி கொஞ்ச நாள் மெதுவாக, சத்தமாக, கையால் காட்டிக் காட்டி நொஸ்க் பேசிப் பார்த்தாள். ஒருநாள் களைப்பில், தன்னை அறியாமலே, “தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ” என்று தமிழில் சொல்லிவிட்டாள். ஹிசாகோ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கோப்பையை எடுத்துக் குடித்தார்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் அவரவர் மொழியிலேயே கதைத்தார்கள். ரஞ்சனி படுக்கையை உதறிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரன் படிக்கட்டில் சைக்கிளை வைக்கிற கதையைச் சொல்வாள். ஹிசாகோ யன்னலைப் பார்த்து நீளமாக ஏதோ சொல்வார். இடையில் ஓமோம் என்பாள் இவள். அவரும் தலையாட்டுவார். ஒருநாள் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும்போது, ஒரு கிழமையில் தான் யாரோடு அதிகம் தமிழ் கதைக்கிறேன் என்று ரஞ்சனி யோசித்துப் பார்த்தாள். அந்தப் பதிலை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தத் தட்டை அவள் முதலில் கண்டபோது, இவ்வளவு துப்புரவான வீட்டில் இப்படி ஒரு கோணல் தட்டா என்றுதான் பட்டது. சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. கனம். ஒரு மூலை சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றது. மற்றத் தட்டுகள் எல்லாம் கடையில் வாங்கிய வெள்ளைத் தட்டுகள். ஹிசாகோ மட்டும் இதில்தான் சாப்பிடுவார். அவித்த முட்டையை இரண்டாக வெட்டி நடுவில் வைத்துக் கொடுத்தால் தொடமாட்டார். தட்டைத் தன் பக்கம் மெதுவாகத் திருப்பி, முட்டைத் துண்டுகளை விரல் நுனியால் ஓரத்துக்கு நகர்த்தி, அதன்பிறகுதான் முள்ளுக்கரண்டியை எடுப்பார். கிழவிக்கு வீண் பிடிவாதம் என்று ரஞ்சனி நினைத்தாள். நாலைந்து நாள் கழித்துத்தான், நகர்த்திய இடத்தில் புல் தெரிவதைக் கவனித்தாள். புல்லின்மேல் சாப்பாடு வைக்கக் கூடாது. அது பக்கத்தில் நிற்க வேண்டும்.

அதற்குப் பிறகு சாப்பாடு வைக்கும்போதெல்லாம் அவளும் புல்லைப் பார்க்க வேண்டியதாயிற்று. துருவின் நிறம். மொத்தம் மூன்றே கோடுகள். முதலாவது அடியில் தடிப்பாக, கிட்டத்தட்டக் கறுப்பாகத் தொடங்கியது. அந்த இடத்தில் தூரிகையை அழுத்தியிருக்க வேண்டும். பாதியில் வளைந்து, நுனிக்குப் போகப்போக மை வற்றி, தூரிகையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகப் போன தடம் தெரிந்தது. இரண்டாவது அதன்மேல் சாய்ந்தது. மூன்றாவது கட்டை, தொடங்கியதும் முடிந்துவிட்டது. நிலம் இல்லை, பூ இல்லை, ஒரு பூச்சிகூட இல்லை. ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தது. எழுதியவருக்கு மூன்று மூச்சு விடும் நேரம்தான் பிடித்திருக்கும். திருத்திய இடம் எதுவும் இல்லை. சாம்பல் வெள்ளைப் பூச்சு அந்தக் கோடுகளைச் சுற்றி, அவற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்பதுபோல இருக்கும். காலை வெளிச்சம் ஒன்பது மணிக்குத்தான் வருகிற அந்த மாதங்களில், விளக்கைப் போடாமல், தட்டை யன்னல் பக்கம் பிடித்து ஒரு நிமிடம் பார்ப்பது ரஞ்சனிக்கு வழக்கமாகிவிட்டது. நாற்பது நிமிடத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் கைபேசியின் வேலைப் பட்டியலில் பெயர் இல்லை.

தட்டு உடைந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வெள்ளைத் தட்டில் முட்டையைக் கொடுத்தாள். ஹிசாகோ தட்டை ஒருமுறை சுற்றினார். இன்னொரு முறை சுற்றினார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். முட்டை அப்படியே கிடந்தது.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது உள்ளே மகன் எஸ்பென் இருந்தான். ஸ்தவாங்கரில் வேலை செய்பவன், மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவான். நல்ல உயரம், தாயின் கண். சமையலறை மேசையில் விளம்பரத் தாள் விரித்திருந்தது. அதன்மேல் மூன்று துண்டுகளையும் அவன் பொருத்தி வைத்திருந்தான்.

“அம்மா இதை உடைத்துவிட்டு ஒளித்து வைத்திருக்கிறார்,” என்றான் நொஸ்க்கில். “வாளிக்குப் பின்னால். சின்னப் பிள்ளைமாதிரி.”

ரஞ்சனி கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

“உங்களுக்குத் தெரியுமா, இந்தப் புல்லை எழுதியது அம்மாதான். கல்யாணத்துக்கு முன்னால் ஜப்பானில் மலைப்பக்கம் ஒரு சின்ன மட்பாண்டப் பட்டறையில் வேலைசெய்தார். சக்கரத்தில் இருந்தவர் ஒரு கிழவர், மனைவி மண் பிசைவார், அம்மா தூரிகை பிடிப்பார். ஏழு வருடம். இந்த ஒரு புல்லை மட்டும்தான். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது தடவை. வரும்போது கொண்டுவந்தது இது ஒன்றுதான். சின்ன வயதில் நான் கேட்பேன், வேறு ஏதாவது வரைந்து காட்டுங்கள் என்று. எனக்கு வேறு ஒன்றும் வராது என்று சிரிப்பார்.”

அவன் பெரிய துண்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். அடியில் யாருடைய பெயரும் இல்லை. போன மாதம் சட்டி கரிந்தது, தை மாதத்தில் வீட்டுச் செருப்போடு பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றது, எல்லாவற்றையும் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பராமரிப்பு இல்லத்தில் இடம் இருப்பதாகக் கடிதம் வந்து பத்து நாளாகிறது. புதன்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். முடிவெடுக்க முடியாமல் இருந்தான். “இனி யோசிக்க ஒன்றும் இல்லை,” என்றான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். “நீங்கள் தினமும் வருகிறீர்கள். அவருக்கு மறதி கூடிக்கொண்டு போகிறது, இல்லையா?”

கூடிக்கொண்டு போவது உண்மைதான். அதனால்தான் தலை அவ்வளவு இலகுவாக ஆடிவிட்டது. ஆட்டியபிறகுதான், அவன் எதைக் கேட்டான், தான் எதற்கு ஆமாம் சொன்னேன் என்று அவளுக்கு உறைத்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் எழுந்து தாயைக் கையில் பிடித்து மேசைக்கு அழைத்து வந்துவிட்டான்.

அவன் அதட்டவில்லை. தாயைக் கதிரையில் இருத்தி, துண்டுகளைக் காட்டி, “அம்மா, இதை ஏன் ஒளித்தீர்கள்?” என்று நொஸ்க்கில் மெல்லக் கேட்டான். ஹிசாகோ குனிந்து பார்த்தார். ஒரு விரலால் புல்லின் அடியைத் தொட்டு, கோட்டின் வழியே மேலே போய், தட்டு உடைந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு முகத்தை நிமிர்த்தி ரஞ்சனியைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை. மகன் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் மடியில் வைத்து, முதுகை வளைத்துத் தலை தாழ்த்தி, “உன்ஷில்” என்றார். மன்னித்துக்கொள் என்கிற நொஸ்க் சொல். மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே நொஸ்க் சொல் அதுதான். எஸ்பென் முகத்தைக் கைகளுக்குள் பொத்திக்கொண்டு அழுதான்.

ரஞ்சனி நிறுவனத்தின் சின்னக் காருக்குள் ஏறி, சாவியைப் போடாமல் நெடுநேரம் இருந்தாள். தட்டு உடைந்த அன்றைக்கு அவர் நித்திரையா, முழிப்பா? முழித்திருந்தால் எல்லாம் தெரிந்தேதான் தலை தாழ்த்தியிருக்கிறார். நித்திரை என்றால், தான்தான் உடைத்தேன் என்று நம்பிவிட்டார். எது உண்மையாக இருந்தால் தனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். இரண்டிலும் ஆறுதல் இல்லை.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. பூசைக்கு முன், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். முன்னால் நாலு பேர். மேரியம்மா அக்கா திரும்பி, “என்ன ரஞ்சனி, முகம் வாடிக் கிடக்கு, காய்ச்சலோ?” என்று கேட்டார். “இல்லையக்கா, குளிர்” என்றாள். இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. உள்ளே போய்ச் சொன்னால் சுவாமி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லுவார். சொல்லி முடித்தால் காரியம் முடிந்துவிடும். அங்கே ஹிசாகோவுக்கு எதுவும் மாறாது. வரிசையை விட்டு விலகி வெளியே வந்து, மேலங்கியின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் சோபிகா எடுத்தாள்.

“என்னம்மா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை. எங்கட வேலையிலை ஒரு பிள்ளை... அவ பாக்கிற ஆளின்ரை தட்டு ஒண்டை உடைச்சுப் போட்டா. சொல்லேல்லை. இப்ப அந்த வயசுபோன மனிசிதான் உடைச்சவ எண்டு நினைச்சு, அவவைச் சீகெம்முக்கு அனுப்பப் போகினம்.”

பராமரிப்பு இல்லத்துக்கான நொஸ்க் சொல்லை எல்லாத் தமிழரும் அப்படித்தான் சுருக்கிச் சொன்னார்கள்.

“அந்தப் பிள்ளை அவ்விக் எழுதேல்லையே? வேலையிலை ஏதும் பிழைச்சா உடனை எழுதிக் குடுக்கிறதுக்குத்தானே அந்தப் படிவம்? தட்டு உடையிறது பெரிய விசயமே இல்லையம்மா. மற்ற ஆளிலை பழி போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதுதான்...” சோபிகா நிறுத்தினாள். காரின் திரும்பல் விளக்கு டிக் டிக் என்று கேட்டது. “அம்மா. அந்தப் பிள்ளை நீங்கள்தானே?”

“ஓம்.”

திரும்பல் விளக்கின் சத்தம் நின்றது.

“நான் வரட்டே அம்மா?”

“வேண்டாம். உனக்குப் பள்ளிக்கூடம் கிடக்கு.”

இன்னொரு முறை கேட்பாள் என்று ரஞ்சனி காத்திருந்தாள். “சரி, நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ என்ன,” என்றாள் மகள். “நான் வீட்டை வந்திட்டன். பிறகு எடுக்கிறன்.”

திங்கட்கிழமை ரஞ்சனி பொறுப்பாளர் மாரித்தின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மாரித் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். “தட்டுகள் உடையும் ரஞ்சனி. தட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்,” என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. படிவத்தை எடுத்துத் தந்தாள். இரண்டு கிழமைக்குப் பிறகு முழுநேர இடம் வேறொருத்திக்குக் கிடைத்தது. இதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எஸ்பெனுக்கு அவளே போன் பண்ணினாள். சொல்லவேண்டியதைத் தாளில் நொஸ்க்கில் எழுதிவைத்து வாசித்தாள். வாசித்து முடித்ததும், தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள்.

“அன்றைக்கே சொல்லியிருந்தால்...” என்று தொடங்கினான். நிறுத்தினான். “இல்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் நான் வேறொன்றைத் தேடியிருப்பேன். எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீங்கள் அதைத் தந்தீர்கள்.” மூச்சு விடும் சத்தம் கேட்டது. “ஆனால் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டாரே. அதை நான் என்ன செய்வது?”

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் நன்றி சொல்லாமல், திட்டவும் செய்யாமல் போனை வைத்தான். இல்லத்துக்கு அவன் கொடுத்த சம்மதம் மாறவில்லை.

ஹிசாகோவின் கடைசிக் காலையில் வீடு முழுக்கப் பெட்டிகள். எஸ்பென் கீழே லொறிக்காரனோடு நின்றான். ரஞ்சனி அவருக்குத் தலை சீவி, கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் பூட்டிவிட்டாள். கடைசிப் பொத்தானில் கை நின்றது. கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

“நான்தான் உடைச்சனான்,” என்றாள். “நீங்கள் இல்லை. விளங்குதே? நான்தான். வழுக்கிப் போச்சுது. பயத்திலை ஒளிச்சு வைச்சிட்டன். உங்களைச் சொல்லேக்கை வாய் திறக்காமல் நிண்டனான்.” கடைசிப் பொத்தானையும் பூட்டினாள்.

ஹிசாகோ கவனமாகக் கேட்டார், வழக்கம்போல. பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். இடையில் ஒருமுறை சிரித்தார், ஒருமுறை கையை உயர்த்தித் தாழ்த்திக் காட்டினார். ரஞ்சனி அந்தச் சொற்களை மனதில் பிடித்துவைக்கப் பார்த்தாள், பிறகு யாரிடமாவது கேட்டு அறியலாம் என்று. வாசல்வரை வருவதற்குள் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. கார் புறப்பட்டபோது ஹிசாகோ முன்னால் பார்த்தபடி இருந்தார்.

அதன்பிறகு அந்த நாற்பது நிமிடத்துக்கு ரஞ்சனியின் கைபேசியில் வேறொரு பெயர் வந்தது. நல்ல மனிதர், வானொலியைச் சத்தமாக வைத்திருப்பார். அவள் வேலை செய்தாள். கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுத்து வந்த கிழமைகள் முழுக்க அவள் தமிழில் சொன்னவை பூசையில் சொன்ன பதிலுரைகளும் ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடங்களும்தான். ஒருநாள் பேருந்தில் யாரோ கால் மிதித்தபோது “பாத்து” என்று வாயில் வந்தது. தன் குரலே புதிதாகக் கேட்டது.

சித்திரை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த இல்லத்துக்குப் போனாள். போகலாமா என்று எஸ்பெனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவன் பதில் போடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாசலில் இருந்த இளம்பெண் வருகைப் புத்தகத்தைத் திருப்பி வைத்து, “நீங்கள் அவருக்கு என்ன உறவு?” என்று கேட்டாள். ரஞ்சனி பேனாவைப் பிடித்தபடி நின்றாள். சீருடை இல்லாமல், அட்டை இல்லாமல், நேரம் காட்டும் கைபேசி இல்லாமல் ஒரு வீட்டுக்கு அவள் வந்து எவ்வளவோ காலமாகிறது. “வெனின்னெ” என்றாள். சிநேகிதி. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, நடையின் கோடியைக் காட்டினாள்.

கோடியில் பெரிய யன்னல். அதன் முன்னால் இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கு. ஹிசாகோ அதன் நடுவில் தனியாக இருந்தார். மெலிந்திருந்தார், முடியைக் கட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். ரஞ்சனி பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். வந்தது யார் என்று தெரிந்ததா, தெரியவில்லையா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. பிறகு மறுபடி வெளியே பார்த்தார். கீழே வீதியில், குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்கக் கொட்டிய சரளைக் கற்களை ஒரு மஞ்சள் இயந்திரம் கூட்டி வாரிக்கொண்டு போனது. பின்னால் தூசி எழும்பி வெயிலில் நின்றது. சைக்கிளில் வந்த ஒருவன் காலை ஊன்றி நின்று, அது கடக்கும்வரை முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டான்.

ஹிசாகோ கண்ணை வெளியிலிருந்து எடுக்காமல், இரண்டு கையையும் வாங்கில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்தார். பாதி வாங்கு காலியானது.

ரஞ்சனி அந்த இடத்தில் இருந்தாள். மேலங்கியைக் கழற்றவில்லை. இயந்திரம் வீதியின் முடிவுவரை போய், ஒரு வட்டமடித்து, மறுகரையால் திரும்பி வரத் தொடங்கியது. இரண்டு பேருடைய தலைகளும் அதோடு சேர்ந்து திரும்பின.